ஓடிபி கொடுக்காத வீடு

சென்ற மாதம் ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அரசாங்கத்தின் புகார் ஆப்பை மக்கள் எதனால் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"ஆண்ட்டி, யூஸ் பண்ண ஈஸியா இருக்கா? நம்பிக்கை இருக்கா? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈஸியாவது, கத்திரிக்காயாவது.

கோல் மார்க்கெட் பக்கத்துப் பழைய அரசுக் குடியிருப்பில் எங்கள் வீடு. கணவர் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். மாடி வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்து, எங்கள் அடுப்புக்கு நேர் மேலே கூரை ஊறி உப்பிக்கொண்டு நின்றது. போன வருஷம் ஒரு நாள் காலையில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து சாம்பாரில் விழுந்தது. உப்பு டப்பாவை எடுக்க நான் ஓர் அடி நகர்ந்திருந்தேன். இல்லையென்றால் என் மண்டையில்தான்.

முன்பெல்லாம் குழாயோ கரண்டோ எது கெட்டாலும் குடியிருப்புக்குள் இருக்கும் என்கொயரி ஆபீசுக்குப் போவோம். ஜன்னலில் நின்று கத்தினால் யாராவது வருவார்கள். அந்த ஜன்னலைச் சாத்தி, 'புகார்கள் ஆப்பில் மட்டும்' என்று தாள் ஒட்டினார்கள். நான் ஆப்பை ஏற்றுக்கொண்ட லட்சணம் இதுதான்.

போட்டோ எடுத்துப் போட்டேன். மறுநாள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி' என்று செய்தி வந்தது. ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை. திரும்பப் போட்டேன். திரும்ப நன்றி. எதிர்வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உங்களுக்கு நன்றியாவது சொன்னாங்க. எங்க கக்கூஸ் அடைச்சிருக்குன்னு எழுதினேன், ஹேப்பி தீபாவளின்னு பதில் வந்துச்சு!"

இந்தக் கூத்து மேலிடத்துக்கும் எட்டியிருக்க வேண்டும். ஒரு மாற்றம் செய்தார்கள். இனிமேல் புகார் கொடுத்தவர் போனுக்கு வரும் ஓடிபி எண்ணை வாங்கிப் போட்டால்தான் புகாரை முடிக்க முடியும்.

அதற்குப் பிறகுதான் முதல்முறையாகக் காண்டிராக்டரின் ஆள் வந்தான். அண்ணாந்து பார்த்தான்.

"ஹோ ஜாயேகா மேடம்ஜி, ஆகிவிடும். ஓடிபி சொல்லுங்க."

"முதல்ல வேலைய முடி பையா, சொல்றேன்."

போனவன், ஒரு சட்டி சிமெண்டோடு வந்து ஊறலின் மேல் அப்பி, சுண்ணாம்பு அடித்துவிட்டு மறுபடி ஓடிபிக்குக் கையை நீட்டினான். என் கணவர் கூடத்திலிருந்து முணுமுணுத்தார்.

"குடுத்துத் தொலையேம்மா. என்கொயரி ஆபீஸ் இஞ்சினியர் என் ஆபீசுக்கே போன் போடுவான்."

"போடட்டும். உங்க தலைக்கு மேலயா தொங்குது?"

பிறகு அந்த ஆளிடம் சொன்னேன். "சரி பையா, வேலை நல்லா முடிஞ்சுதுன்னா நீயே ஒரு டீ போடு. டீ கொதிக்கிறவரைக்கும் அடுப்புகிட்ட நில்லு. ஓடிபி உனக்குத்தான்."

சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தான். மேலே பார்த்தான். ஓர் அடி பின்னால் போனான். கடைசியில் சமையலறை நிலைப்படிக்கு வெளியே நின்றபடி கையை மட்டும் நீட்டிக் கரண்டியால் கலக்கினான். அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுத்து யாருக்கோ, மாடிக் குழாயை மாற்றாமல் இந்த வீடு ஓடிபி தராது என்றான்.

குழாயை மாற்றினார்கள். கூரையைச் செங்கல் வரைக்கும் சுரண்டிப் புதிதாகப் பூசினார்கள். நன்றாகக் காயவிட்டுத்தான் ஓடிபி எண்ணைச் சொன்னேன். விஷயம் பரவியதும், அதுவரை ஆப்பைத் தொடாத பெண்கள்கூட எங்கள் பிளாக்கில் அதைப் போனில் ஏற்றிக்கொண்டார்கள். ஈஸியென்று இல்லை, நம்பிக்கையும் இல்லை. ஆபீஸ்காரர்களுக்கு வேண்டிய ஒன்று நம் கையில் இருந்தது. அவ்வளவுதான்.

இத்தனையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"இதுக்கு ஆப்ஷன் இல்ல ஆண்ட்டி. 'யூஸ்ஃபுல்'ல போடட்டுமா?"

"எதுல வேணா போடு."

"அச்சா. இப்ப புது வெர்ஷன்ல ஓடிபி தொல்லையே கிடையாது. மூணு நாள்ல தானா க்ளோஸ் ஆயிடும். உங்க கன்வீனியன்ஸுக்குத்தான் ஆண்ட்டி."

என்னுடைய வசதியை என்னைக் கேட்காமலே தீர்மானித்துவிட்டார்கள்.

இந்த மழையில் மாடியில் வேறொரு குழாய் கசிகிறது. அடுப்புக்கு மேலே தோசைக்கல் அளவுக்கு ஊறல். ஆப்பில் போட்டேன். மூன்று நாள் கழித்து நன்றி வந்தது. இன்று காலை ஒரு துண்டு பெயர்ந்து சமையல் மேடையில் விழுந்தது. அதைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு என்கொயரி ஆபீசுக்குப் போனேன். ஜன்னலைத்தான் சாத்தியிருக்கிறார்கள், கதவு திறந்திருந்தது. இஞ்சினியர் மேசையில், கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மேடம், ஆப்பில் போடுங்கள்" என்றார் இந்தியில்.

"போட்டேன். க்ளோஸ் ஆயிடுச்சு. இதையும் தானா க்ளோஸ் பண்ணுங்க, பார்ப்போம்."

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பிளாஸ்டர்வாலி மேடம், அதாவது காரைக்கார அம்மா, என்று பெயர் வைத்தாயிற்று. வைத்துக்கொள்ளட்டும். நாளைக்கு ஆள் அனுப்புகிறேன், இதை எடுத்துப் போங்கள் என்றார் இஞ்சினியர். வேலை முடிந்த பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுப்பை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருக்கிறேன். நாளைக்கு யாரும் வராவிட்டால், அடுத்த துண்டும் அந்த மேசைக்குத்தான் போகும்.