மஞ்சள் மூடி மருந்து

தோவாளையில் பூச்சிமருந்துக் கடை வைத்து முருகதாசுக்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஒரு மருந்தின் பெயரைக்கூட அவர் முழுதாக வாசித்ததில்லை. பிச்சிப்பூத் தோட்டம் போடுகிறவர்களும் கேட்டதில்லை. மஞ்சமூடி, பச்சைமூடி என்றால் போதும். அவர்கள் கொண்டுவரும் தண்ணீர்க் குப்பியில், பெரிய கேனிலிருந்து கால் லிட்டர் ஊற்றிக் கொடுப்பார். சட்டப்படி தப்புதான். ஊரே செய்கிற தப்புக்கு யார் பயப்படுவார்கள்?

அன்று பகல் பதினொரு மணிக்கு ஒரு போன் வந்தது.

"மாமா, சபிதா பேசுகேன். காலையில எங்கம்மைக்கு மஞ்சமூடி குடுத்தியளா? தோட்டத்துல தண்ணின்னு நெனச்சு ஒரு மடக்கு குடிச்சிட்டா. வாயில நுரையா வருகு. என்ன மருந்துன்னு டாக்டர் கேக்காரு."

காலையில் மருந்து வாங்கிப்போன ராஜபாயின் மகள். 'நான் குடுக்கல்ல' என்று சொல்லிவிட்டால் கடை தப்பும், லைசென்ஸ் தப்பும். சொல்ல வாயெடுத்தும் விட்டார். அவரைப் பெரிய உத்தமர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் ராஜபாய் குப்பியை நீட்டிச் சிரித்தது கண்முன் நின்றது.

"குடுத்தேன் மக்ளே. நில்லு, கேனைப் பாக்கேன்."

மருந்து வழிந்து வழிந்து, கேனில் ஒட்டியிருந்த தாளில் பெயரே அழிந்து போயிருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி மட்டும் மிச்சம். அதற்குள் டாக்டர் போனை வாங்கியிருந்தார். முருகதாஸ் முட்டுக்குத்தி நின்று, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்.

"ஓ, ஓ... டை எத்தில். பெறவு மூணு, அஞ்சு, ஆறு. ட்ரை... குளோரோ... பிரிடின்..."

இத்தனை எண்ணும் கோடும் எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. ஓர் எழுத்து பிசகினால் ராஜபாய் போய்விடுவாள் என்ற பயத்தில், எழுத்து எழுத்தாக விரல் வைத்து வாசித்தார்.

"கடைசியில என்ன போட்டிருக்கு?"

"பாஸ்... பாஸ்போரோ... தயோயேட்."

"போதும். வகை தெரிஞ்சுபோச்சு, இதுக்கு மாத்து மருந்து இருக்கு."

சாயங்காலம்வரை அவர் சோறு தொடவில்லை. வெளியே ஜீப் சத்தம் கேட்டபோதெல்லாம் போலீஸ் என்று எழுந்து நின்றார். ஆறு மணிக்கு சபிதா கூப்பிட்டாள். "முழிச்சிட்டா மாமா. ரெண்டு நாள் களிஞ்சாதான் உறுதியா சொல்லுவாங்களாம்."

மறுநாள் கடை திறந்ததும் முதல் ஆளாக வந்தவன் சுயம்புராஜ். ராஜபாயின் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரன்.

"பாவம், ராஜபாய்க்கு இப்பிடி ஆயிப்போச்சே" என்று உச்சுக்கொட்டினான். பிறகு பைக்குள் கைவிட்டு, காலித் தண்ணீர்க் குப்பி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"மஞ்சமூடி கால் லிட்டர் ஊத்துங்க அண்ணாச்சி."