காயாத சிவப்பு

துறைமுகத்தில் பெயின்ற் களஞ்சியம் என் பொறுப்பில் இருந்தது. எந்தப் பெயின்ற் எதற்கு, எப்படிப் பூசுவது என்று எல்லோரும் என்னிடம் கேட்டுத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்த வேலைக்கு அறியாமை என்று சாட்டுச் சொல்ல ஏலாது.

கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் கிரேன் சாரதி ஒருவர் எனக்குக் கூட்டாளி. என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆகவே அண்ணன் முறையில் நானா. அவருடைய வாப்பா வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி ஒருவரின் பங்களாவில் சமைத்தவர். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை எங்கள் அரசிடம் ஒப்படைத்துவிட்டுப் போனபோது அந்த அதிகாரி விட்டுச்சென்ற பெட்டியில் நாற்பது ஈயச் சிப்பாய்ப் பொம்மைகளும், சண்டை விதிகள் அச்சிட்ட ஒரு சிறு புத்தகமும் இருந்தன. ஞாயிறு மத்தியானங்களில் பாலையூற்றில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர்களை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை பிடிப்போம். பிள்ளை குட்டிக்காரர் இரண்டு பேர். என் மனைவி குசினிக்குள்ளிருந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், பாத்திரங்கள் சொல்லும்.

புத்தகத்தில் இல்லாத ஒரு விதியும் எங்களிடம் இருந்தது. விழுந்த சிப்பாயை எதிராளிதான் தன் கையால் தூக்கி எடுக்க வேண்டும். இருவருமே தங்கள் பக்கம் செத்தவர்களை மேசையில் 'மறந்து' விட்டுவிடுகிற ஆட்கள் என்பதால் வந்த விதி அது.

நானாவின் இருபது பேரும் வெள்ளைக்காரன் பூசிய நீலச் சட்டையில் இருந்தார்கள். என்னுடைய இருபதும் வெறும் ஈயம். நாலு வருடத்தில் நான் ஒரு சண்டைகூட வென்றதில்லை.

"ஒங்கட ஆக்கள் உடுப்பில்லாம வந்து நிக்கிறாங்க தம்பி. வெக்கத்திலயே செத்துப்போறாங்க" என்பார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கும். சிரித்து வைப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் அவருக்கு வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் வேலை சரிவந்தது. போவதற்கு முந்திய ஞாயிறு கடைசிச் சண்டை. தோற்றவனாக நின்று அவரை வழியனுப்ப எனக்கு மனமில்லை. எப்படியும் அந்த ஒன்றையாவது வெல்ல வேண்டும். உடுப்புப் போட்டால் வெல்லலாம் என்று நம்புகிற அளவுக்குப் புத்தி மழுங்கியிருந்தது.

கடையில் வாங்கிய சிவப்பு செங்கல் நிறத்தில் காய்ந்தது. எனக்கு வேண்டியது கண்ணைப் பறிக்கிற சிவப்பு. அது களஞ்சியத்தில் இருந்தது. படகின் அடிப்பக்கத்துக்குப் பூசுவது. பாசியும் சிப்பியும் பிடிக்காமலிருக்க நஞ்சு கலந்தது. வெறும் தகரமொன்றின் அடியில் ஒட்டிக் கிடந்ததைச் சுரண்டிக்கொண்டு வந்தேன். முதலில் வெள்ளை பூசிக் காயவைத்து, அதன்மேல் சிவப்பை மெல்லிதாக இரண்டு தரம் ஏற்றினேன். சப்பாத்துக்குக் கறுப்பு, குறுக்கு வாருக்கு வெள்ளை. இருபது பேரும் அலுமாரிக்கு மேல் வரிசையாக நின்றபோது, உண்மையைச் சொன்னால், பெருமை தாங்க முடியவில்லை.

அந்தப் பெயின்ற் காற்றில் லேசில் இறுகாது. பூசிய கையோடு படகைக் கடலில் இறக்கிவிட வேண்டும். ஒவ்வொரு தகரத்தையும் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. ஊருக்கெல்லாம் சொன்னது என் காதில் மட்டும் ஏறவில்லை.

ஞாயிறு வந்தது. சட்டைகள் இன்னும் பிசுபிசுத்தன. நானா என் முதல் சிப்பாயைத் தூக்கிவிட்டு விரலைப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஒங்கட ஆள் என்னய விடுறானில்ல."

"போகவேண்டாமெண்டு பிடிக்கிறான் நானா" என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாயக்கட்டையை என் பக்கம் தள்ளினார்.

பின்னேரத் தேநீர் வருவதற்குள் என் இருபது பேரும் முடிந்துபோனார்கள். ஒருவன் தப்பவில்லை. நானா மண்ணெண்ணெயில் விரல்களைக் கழுவினார். பெட்டியை என்னிடமே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, கிண்ணியாவுக்குப் போக நேரமாகிறது என்று எழும்பினார். எனக்கு ஆத்திரம். வாசல்வரை போகவில்லை. இருந்த கதிரையிலிருந்தே தலையாட்டினேன்.

சட்டைகள் இறுக மூன்று மாதம் சென்றது. ஒவ்வொரு முதுகிலும் நானாவின் பெருவிரல் ரேகை பதிந்து காய்ந்திருந்தது. பார்க்கப் பார்க்கத் தோல்விதான் ஞாபகம் வந்தது. அவர் லீவில் வரும்போது புது உடுப்போடு நிற்கட்டும் என்று நல்ல பெயின்ற் ஒரு தகரம் வாங்கினேன். பழையதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஞாயிறுகளில் ஒருவர் இருவராகச் சுரண்டிக் கழுவினேன்.

பதினொரு பேர் முடிந்திருந்தபோது அவருடைய மச்சான் வந்தார். கப்பலில் பாரம் சரிந்து நானா மௌத்தாகிவிட்டதாகவும், அங்கேயே அடக்கிவிட்டதாகவும் சொன்னார். அவர் போன பிறகு நான் அழுதேன். பிறகு அலுமாரியைத் திறந்து, மிச்சம் எத்தனை என்று பார்த்தேன். ஒன்பது.

அந்த ஒன்பது பேரையும் இன்றைக்கும் காலில் பிடித்துத்தான் தூக்குகிறேன், முதுகில் கைபடவிடுவதில்லை. புதுத் தகரம் திறக்கப்படாமலே இறுகிப்போயிற்று. மற்றப் பதினொரு பேரும் நானா சொன்னபடி உடுப்பில்லாமல் நிற்கிறார்கள்.