றிஸானா மிஸ் திறந்துவிட்ட சந்தி

விடியற்காலையில் றிஸானா மிஸ்ஸின் காக்கா, அவருடைய மூத்த சகோதரர், என்னை அழைத்தார். “தங்கச்சி மௌத்தாயிட்டா. அவட ஆக்களுக்கு நீங்கதான் சொல்லணும்” என்றார். அவருடைய ஆட்கள் என்றால், வீதி வேலையில் அவரோடு வெயிலில் நின்ற நாங்கள்தான். நோய் முற்றியது எங்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் இறந்த செய்தியை ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன்.

கல்முனையில் புறப்பட்டு, அம்பாறைக்குத் திரும்பும் காரைதீவுச் சந்தி, அக்கரைப்பற்றுச் சந்தி, மொனராகலைக்குப் பிரியும் பொத்துவில் சந்தி வரை எங்கள் பிரதான வீதி தமிழ் ஊரும் முஸ்லிம் ஊருமாக மாறி மாறிச் செல்லும். எங்கள் வீதித் திணைக்களத்துக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வந்த மிஸ்ஸுக்கு எல்லா ஊரும் சொந்த ஊர்தான். கோமாரிக்கு அருகே வெள்ளம் வீதியை மூடியபோது, கடைசி பஸ் கடக்கும்வரை முழங்கால் தண்ணீரில் ஓரம் காட்டி நின்றார். ஏறி வரச் சொன்னேன். “நான் நிக்கிறதப் பாத்தாத்தான் பஸ்ஸுக்குள்ள இருக்கிறவங்க பயப்படாம வருவாங்க” என்றார்.

அவரைச் சோதித்தது சாய்ந்தமருதில் அவர் பிறந்த தெருதான். பள்ளிக்கூடத்துக்குப் போகும் குறுகலான ஒழுங்கை பிரதான வீதியைச் சந்திக்கும் வளைவில் கடைகளும் மதில்களும் முன்னுக்கு வந்து நின்றன. வரும் லொறி பிள்ளைகளுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் பின்னுக்கு எடுக்க வேண்டும் என்று மிஸ் கூட்டத்தில் சொன்னதும், அவருடைய காக்காவின் கடையையும் தொடுவீர்களா என்று ஒரு வியாபாரி கேட்டார்.

“ஓம். அதைத்தான் முதல்ல உடைப்பம்.”

மற்றப் பக்கத்திலிருந்து தொடங்கலாமே என்று நான் தனியாகச் சொல்லிப் பார்த்தேன்.

“மத்தவங்கட மதில உடைச்சிட்டு எங்கட மதிலுக்கு முன்னால வந்து நிண்டா, எனக்குக் கை நடுங்கும் அண்ணன்.”

மறுநாள் காலை கடையின் முன்பக்கம் விழுந்தது. உம்மா அழுதார். காக்கா வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மற்ற வியாபாரிகள் அந்தக் கிழமையே தங்கள் மதில்களைத் தாங்களே எடுத்துக் கொடுத்தார்கள். காக்கா மட்டும் நோன்புப் பெருநாள் வரை அவரோடு கதைக்கவில்லை. பெருநாளன்று மிஸ் தயங்கித் தயங்கி அவர் வாசலுக்குப் போனாராம். “கடைக்குள்ள இருந்தே பிள்ளைகள் கடக்கிறது தெரியுது. உள்ளுக்கு வா” என்றாராம் காக்கா. எங்களிடம் அதைச் சொன்னபோது மிஸ்ஸின் முகத்தில் இருந்த நிறைவை எந்த வீதித் திறப்பு விழாவிலும் நான் கண்டதில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது ஒரு பழக்கம். வரைபடத்தில் கையெழுத்திடுமுன், கைப்பிள்ளையோடு போகிறவர் போல மெதுவாக அந்த வீதியை நடந்து கடப்பார். நேற்றுத் திருக்கோவிலில் நானும் அப்படியே கடந்து பார்த்தேன். பாதி வழியில் ஒரு வான் வண்டி வந்துவிட்டது. பாதசாரிக் கடவையைச் சற்றுத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.