கடைசி மேஜைக்கு முதல் வாளி

பூதலூர் சவரக்கடையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அங்கே எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு; நான் போனால் தாசில்தாரே எழுந்து இடம் விடுவார். ஒரு கன்னம் மழித்தாயிற்று, மறு கன்னத்தில் நுரை. கைப்பேசியைக் காதில் வைத்த கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"மாமா, போர்டிங் ஐயா போயிட்டாராம்."

நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு ஓடினேன். பாதித் தாடியோடுதான் கலியமூர்த்தியின் கால்மாட்டில் போய் நின்றேன். துக்கத்துக்கு வந்தவர்களில் நாலு பேர் என்னைப் பார்த்து வாய்க்குள் சிரித்தார்கள். அவன் உயிரோடு இருந்தால் உரக்கவே சிரித்திருப்பான்.

இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் அவனைத் தெரியும். என் அளவுக்குத் தெரியாது. அவன் என் அக்காள் மகன், என்னைவிட இரண்டு வயது இளையவன். ஊருக்கே நான் மாமாவானது, அவன் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான். அவன்மேல் எனக்கு ஆயுள் முழுக்கப் பொறாமை. சாவோடு அது தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்ததும் கூடிவிட்டது. பாடை ஆற்றங்கரையைத் தொட்டபோது ஊர்வலத்தின் வால் இன்னும் வீட்டு வாசலில் நின்றது. பத்தாயிரம் பேர் இருக்கும். ஐந்நூறு என்று சொல்கிறவர்களுக்கு எண்ணத் தெரியாது.

சின்ன வயதில் அவனைத் திருச்சிப் பக்கம் பாதிரிமார் நடத்திய போர்டிங் பள்ளியில் அத்தான் சேர்த்தார். நானும் போகிறேன் என்று நின்றேன். "ஒருத்தனை அனுப்பவே நாக்குத் தள்ளுது" என்றுவிட்டார். எட்டாவதோடு என் படிப்பு முடிந்தது. அவனுடைய தகரப் பெட்டியைத் தலையில் சுமந்துபோய் பூதலூர் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டவன் நான். அந்தப் பெட்டியை வேறு எவன் தூக்கியிருந்தாலும் கழுத்து முறிந்திருக்கும். ரயில் நகர்ந்ததும் அவன் ஜன்னலில் முகம் வைத்து அழுதான். "மணியடிச்சா சோறுடா மாப்ளே! இதுக்குப் போய் அழுவுறியே!" என்று கத்தினேன். அதற்குப் பிறகு கோயில் மணி அடித்தால்கூட எனக்குச் சாம்பார் மணக்கும்.

படித்து முடித்துவிட்டுப் பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பான் என்று எல்லோரும் இருந்தோம். எல்லோரையும்விட நான் அதிகம் வேண்டிக்கொண்டேன். இங்கிலீஷ் அவனுக்கு, சேறு எனக்கு என்றால் நியாயமான பாகப்பிரிவினைதானே? படுபாவி, அரைக்கால் சட்டையோடு வந்து என் வயலை ஒட்டிய வயலில் ஏரைப் பிடித்தான்.

"ஏன் மாப்ளே, இங்கிலீஷ்ல சொன்னா மாடு திரும்புமா?"

"மாடு திரும்பிடும் மாமா. நீங்கதான் திரும்ப மாட்டீங்க."

நடவுக்கு நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு வல்லம் வரைக்கும் கேட்டிருக்கும். முதல் வருஷம் அவன் பயிர் சொத்தை. நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த வருஷமே ஊர் அவனிடம் விதை கேட்டு வந்தது. உண்மையில் என் வயலில்தான் மகசூல் கூட. மூட்டை பிடித்தவன் எண்ணியது தப்பு.

அப்புறம் ஆட்சி மாறியது. குத்தகைக்காரன் பெயரும் பதிவில் ஏறவேண்டும் என்று சட்டம் வந்தது. நேற்றுவரை கூலிக்கு நட்டவர்கள் எங்கள் வாய்க்காலின் கடைமடையில் தங்கள் பெயரில் குத்தகை பதிந்தார்கள். ஊரில் ஒரு பக்கம் செங்கொடி, ஒரு பக்கம் கருப்பு சிவப்பு, நடுவில் போலீஸ் வேன். அந்த வருஷம் பார்த்து மேட்டூர் தண்ணீர் தாமதமாக வந்தது. வந்ததும் நூல் மாதிரி. தலைமடை எங்களுடையது. நாங்கள் நிரப்பிக்கொண்ட மிச்சம்தான் கீழே போகும், அதுதான் பாட்டன் காலத்து வழக்கம். கடைமடையில் நாற்று மஞ்சளாகிவிட்டது. அவர்கள் அரிவாளோடு கரையேறினார்கள். எங்கள் பக்கம் வேல்கம்பு. முதல் வெட்டு யாருடையது என்பதுதான் பாக்கி.

கலியமூர்த்தி வாய்க்காலுக்குள் இறங்கினான். தன் மடையில் பலகையை இறக்கி, சேற்றை அப்பி அடைத்தான். பிறகு நிமிர்ந்து, "இந்த முறை கடைமடையிலேர்ந்து மேல பாயட்டும். அடுத்த முறை தலைமடையிலேர்ந்து கீழ போவட்டும். மாறி மாறி" என்றான்.

சொல்வது சுலபம். அவன் மடைக்கு அடுத்த மடை என்னுடையது. நான் திறந்து வைத்திருந்தால் அவன் அடைத்தது வீண். இரண்டு கரைச் சனமும் என்னைப் பார்த்தது. குடையை விரித்து மடைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

கடைமடை நாகம்மாள் எதிர்க்கரையிலிருந்து குரல் கொடுத்தாள். போன வருஷம்வரை என்னை "ஆண்டே" என்றவள். "என்னங்க, குடை புடிச்சு அடை காக்குறீங்களா? பொரிச்சா ரெண்டு குஞ்சு எங்களுக்கும் குடுங்க!"

கலியமூர்த்தி வந்து என் குடைக்குள் உட்கார்ந்தான்.

"மாமா, போர்டிங்ல புதுப் பையனுக்குக் கடைசி மேஜை. சாப்பாட்டு வாளி முதல் மேஜையில ஆரம்பிக்கும். எங்ககிட்ட வர்றப்ப அதுல அகப்பைதான் கிடக்கும். மணியடிச்சா மத்தவன் ஓடுவான், எனக்கு அழுகை வரும்."

"நீ சொல்லவே இல்லியே?"

"நீங்கதான் ஸ்டேஷன்ல அவ்வளவு ஏக்கமாப் பார்த்தீங்களே. எப்படிச் சொல்றது?"

"அப்புறம்?"

"ஒருநாள் எங்க மேஜை மொத்தமும் தட்டைக் கவுத்து வச்சிட்டு உக்காந்துட்டோம். மறுநாள்லேர்ந்து ஒருநாள் அந்தக் கோடி, ஒருநாள் இந்தக் கோடின்னு வாளி ஆரம்பிச்சுது. அதே சமையல்காரர், அதே அரிசி. ஒருத்தனும் பட்டினி கிடக்கல மாமா." எதிர்க்கரையைக் கைகாட்டினான். "அங்க தட்டைக் கவுத்துட்டாங்க."

இத்தனை வருஷம் நான் பொறாமைப்பட்டது ஒரு காலி வாளியைப் பார்த்து. அது தெரிந்ததும் பொறாமை குறையும் என்பீர்கள். எனக்குக் கூடியது. கஷ்டத்தில்கூட நாலு பேருக்குச் சொல்கிற மாதிரி ஒரு கஷ்டம் அவனுக்குக் கிடைத்திருக்கிறதே! எட்டாவதோடு நின்றவனிடம் என்ன கதை இருக்கிறது? எழுந்தேன். நானாகத்தான் எழுந்தேன், என்னைத் தூக்குகிற ஆள் அன்றைக்குத் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கிடையாது. என் கையால் பலகையை இறக்கினேன்.

அன்று யார் தலையும் உருளவில்லை. அதிலிருந்து எங்கள் வாய்க்காலில் அதுதான் சட்டம். கடைமடை முறை வரும்போது தலைமடைக்காரன் ஒருவன் கீழே நடந்துபோய் முதல் பலகையைத் தூக்க வேண்டும். அதையும் அவனே செய்தான். ஊர் அதற்குப் 'போர்டிங் முறை' என்று பெயர் வைத்தது. நான் குடை பிடித்து உட்காராவிட்டால் அவன் அந்தக் கதையை யாருக்குச் சொல்லியிருப்பான்? 'குடை முறை' என்று வைத்திருக்கலாம். கேட்டுப் பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை. அவன் மட்டும், "மாமா சொல்றதுல பாதி பொய். அந்தப் பாதிதான் நல்லா இருக்கும்" என்றான். எனக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான்.

அவன் கருமாதி முடிந்த கையோடு மேட்டூர் தண்ணீர் வந்தது. இந்த முறை கடைமடையுடையது. அவன் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான், மண்வெட்டி பிடித்ததில்லை. நாகம்மாள் தடியூன்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். அரிவாளோடு கரையில் நின்ற அதே நாகம்மாள்.

"மாமா, போர்டிங் ஐயா இல்ல. கடைசி மேஜைக்கு நீங்கதான் பரிமாறணும்."

போனேன். வாய்க்காலின் அந்தக் கோடிக்கு நான் நடந்தது அதுதான் முதல் தடவை. பலகையைத் தூக்கியதும் தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. நான் தூக்கினால் பாயாமல் என்ன? 'மாமா திறந்த தண்ணி' என்று யாராவது ஒருவர் சொல்வார் என்று காத்து நின்றேன். நாகம்மாள் ஒரு கை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டு, "போர்டிங் தண்ணி வந்துடுச்சு!" என்று வயலைப் பார்த்துக் கூவினாள். செத்தும் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

இருக்கட்டும். இங்கிலீஷையும் பெயரையும் அவனே வைத்துக்கொள்ளட்டும். பலகை தூக்குகிற வேலை எனக்கு வந்துவிட்டது. கை கால் ஓடுகிறவரை அதை ஒருத்தனுக்கும் விடமாட்டேன்.

ஒவ்வொரு மடையாகத் திறந்துகொண்டு மேலே வந்தேன். கடைசியில் அவன் வயல், அதற்குமுன் என் வயல். என் மடைக்குத் தண்ணீர் வந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. உட்கார்ந்து பார்த்தேன், மாப்ளே. வாளி காலியாக வரவில்லை.