சட்டையில் தைத்த பெயர்

மலாக்கா மாநிலத்தில் இம்ரே என்று பெயர் கொண்ட தமிழர் தான் ஒருவர்தான் என்று ஐம்பத்தைந்து வயது வரை அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பெயரை வைத்தது அவருடைய அப்பா கனகரட்ணம். செலண்டார் பக்கத்தில் ஒரு பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் எஸ்டேட்டில், டிரசர் வேலை. காலையில் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து கொடுப்பார், மாலையில் தபால்தலை ஒட்டுவார். ஹங்கேரி நாட்டில் இம்ரே என்று அவருக்கு ஒரு பேனா நண்பர் இருந்தார். ஒருவரை ஒருவர் கண்ணால் கண்டதில்லை; தபால்தலை மாற்றிக்கொண்டதோடு சரி. மகன் பிறந்ததும், கோயிலில் ஐயர் சொன்ன எழுத்தில் என்ன பெயர் வைக்கலாம் என்று மனைவி சந்திராதேவி யோசித்துக்கொண்டிருக்க, மனுஷன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் இம்ரே என்று பதிந்துவிட்டு வந்தார்.

இதைக் கேள்விப்பட்ட ஹங்கேரிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெயர் கொண்ட பெரிய மனிதர்களைப் பற்றியெல்லாம் நீளமாக ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். கனகரட்ணம் அதைச் சமையலறைக்கே கொண்டுபோய் மனைவிக்குத் தமிழில் சொன்னார். முதல் ஆள் ஒரு ராஜகுமாரன். ஆயிரம் வருடத்துக்கு முந்தியவன், பின்னால் புனிதராக்கப்பட்டவன். அப்பனுக்குப் பிறகு அரியணை ஏற வேண்டியவன் வேட்டைக்குப் போய், இருபத்துநாலு வயதில், காட்டுப்பன்றி குத்திச் செத்துப்போனான்.

அதைச் சொல்லாமல் விழுங்க அவருக்குத் தெரியவில்லை. அதே நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிப் பாத்தியைப் பன்றி கிண்டிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் அது தினப்படி நடக்கிற காரியம். ஆனால் அன்று சந்திராதேவி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

அதன் பிறகு மகனை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “ராசா” என்பார், அவ்வளவுதான். கனகரட்ணமோ ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியலை நீட்டிக்கொண்டே போனார். மேடை நாடகங்களுக்கு இசையமைத்த ஒருவர். ஒலிம்பிக்கில் எடை தூக்கித் தங்கம் வாங்கிய ஒருவர். தூக்கிலிடப்பட்ட ஒரு பிரதமர். இது நண்பர் எழுதியதல்ல, இவரே பத்திரிகையில் படித்துச் சேர்த்தது. நீண்ட நாள் வாழ்ந்தவர்கள் அதில் எத்தனையோ பேர். சந்திராதேவி முதல் வரியைத் தாண்டியதே இல்லை.

இம்ரேக்கு இருபத்துநாலு வயது தொடங்கியபோது அம்மா அவரைக் கோலாலம்பூரில் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். எட்டாவது மாடி. “பண்டி மாடி ஏறாதெல்லோ” என்றார் தன் யாழ்ப்பாணத் தமிழில். ஒரு வருடம் முழுக்க அந்த வீட்டில் இருந்து தமிழ்ப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டுக் கழித்தார் இம்ரே. இருபத்தைந்தாவது பிறந்த நாளன்று அம்மா நேரில் வந்து, தேங்காய் உடைத்து, அழைத்துப் போனார்.

அம்மாவைக் கேலி செய்துகொண்டே வளர்ந்தவர்தான். ஆனாலும் அவர் தேடிக்கொண்ட வேலையைப் பாருங்கள். சுங்கை ஊடாங்கில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் வேலி, பூனை நுழைய வேண்டுமென்றாலும் பாஸ் வேண்டும். முப்பது வருடம் அந்த வேலிக்குள் வெறும் எண்ணெய் மாதிரிகளைச் சோதித்து ஓய்வு பெற்றார். மனைவி தாட்சாயினியையும் மகனையும் மாதம் ஒரு முறை உம்பாய்க்கு மீன் சாப்பிடக் கூட்டிப்போவார். செலண்டார் பக்கம் மட்டும் காரைத் திருப்ப மாட்டார்.

மகனுக்குப் பிரஷாந்த் என்று பெயர் வைத்தார். இம்ரே என்ற பெயர் தன்னோடு முடியட்டும் என்பது எண்ணம். அவன் தோட்ட நிர்வாகம் படித்து, செலண்டாரிலேயே ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் சின்னத் துரையாக, அதாவது உதவி மேலாளராக, வேலைக்குச் சேர்ந்தபோதும், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு விட்டுக்கொடுத்தார். அவன் இம்ரே இல்லையே, அவனுக்கு என்ன?

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. பிரஷாந்த் லீவில் வீட்டுக்கு வந்திருந்தான். கொல்லையில் தாட்சாயினி துணி காயப்போட்டிருந்தார். காக்கிச் சட்டை ஒன்று கொடியில் தொங்கியது. பைக்கு மேலே சிவப்பு நூலில் இம்ரே என்று தைத்திருந்தது. ஆலையில் தந்த பழைய சட்டையோ என்று நினைத்து இம்ரே அதைத் தொட்டுப் பார்த்தார். தோள் அளவு அவருடையது இல்லை.

“பிரஷாந்த், இது யாரு சட்டைடா?”

“என்னுதுதான்பா. அங்க ஏற்கெனவே ஒரு பிரஷாந்த் இருக்கான், லாரி கிளார்க். கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்புறோம். அதான் பின்னால இருக்கிற பேர எடுத்து என்ன இம்ரேன்னு ஆக்கிட்டாங்க. மேனேஜர்கூட மரியாதையா ‘என்சிக் இம்ரே’ன்னுதான் கூப்பிடுறாரு. நல்லாத்தான் இருக்கு லா.”

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் மகன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் நிற்கும். பிரஷாந்த் இம்ரே. பிறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் இவர்தான். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்திருந்தது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. மகனுக்கு மார்ச் மாதம் இருபத்துநாலு ஆகியிருந்தது. அடுத்த மார்ச்சுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

“அங்க பன்னி இருக்கா?” என்று கேட்டார்.

“பன்னி இல்லாத தோட்டம் எது? புதுசா நட்ட கன்னெல்லாம் காலி. நாளைக்குக் காலையில பர்மிட் வாங்கி சுடுறவங்க வராங்க. அதுக்குத்தான் இன்னிக்கே கிளம்புறேன்.”

“நீ போகாத.”

பிரஷாந்த் சிரித்தான். பாட்டியின் கதை அவனுக்குத் தெரியும். “நான் எங்க சுடப்போறேன்? ரோட்டுல நின்னு வரவங்க பேரு எழுதுறதுதான் என் வேலை. துப்பாக்கிய தொட்டதுகூட இல்லப்பா.”

இம்ரே அன்று சோற்றைப் பிசைந்தாரே தவிர சாப்பிடவில்லை. “உங்கம்மா செத்துப் பத்து வருஷமாச்சு. அவங்க பயம் மட்டும் இன்னும் உங்கள விடலையா?” என்றார் தாட்சாயினி. இம்ரே விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தோட்டத்து வாசலில் கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் மருதமுத்து உட்கார்ந்திருந்தார். அறுபது வயது, தலையில் துண்டு.

“இம்ரே எங்க இருக்கான்?” என்று கேட்டார் இம்ரே. தன் பெயரையே இன்னொருவனுக்காகக் கேட்பது இதுதான் முதல் முறை.

“சாரா? பதினேழாம் நம்பர்ல இருக்காருங்க. நீங்க இங்கயே இருங்க லா, உள்ள நாய விட்டிருக்காங்க.”

பதினேழாம் நம்பர் என்றால் பதினேழாவது மர நிரைக்கு அப்பால் போகும் சாலை. பிரஷாந்த் அங்கே வேனுக்குப் பக்கத்தில் நின்று பெயர்தான் எழுதிக்கொண்டிருந்தான். இம்ரேக்கு அது தெரியாது. காரை நிறுத்திவிட்டு, மருதமுத்து கத்தக் கத்த, மரங்களுக்கு ஊடே குறுக்கே இறங்கி நடந்தார். முப்பது வருடத்துக்குப் பிறகு தோட்டத்து மண்ணில் கால் வைக்கிறார். தலைக்கு மேல் மட்டைகள் மூடி வெளிச்சம் மங்கிக் கிடந்தது. நாய்ச் சத்தம் வலப்பக்கம் கேட்டது, பிறகு இடப்பக்கம். வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குப் பின்னால் ஏதோ மூச்சு வாங்கியது. அவர் நின்றார்.

கொம்பு மாதிரி நீண்ட கோரைப்பல்லில் ஒன்று ஒடிந்த ஆண்பன்றி. நாய்களுக்குத் தப்பி வந்த வேகத்தில் அவர் தொடையைக் கிழித்துவிட்டுப் போய்விட்டது. முதலில் ஓடி வந்தது பிரஷாந்த்தான். தன் காக்கிச் சட்டையைக் கழற்றிக் காயத்தைக் கட்டினான். சிவப்பு நூல் எழுத்து எது, ரத்தம் எது என்று தெரியாமல் போனது.

முப்பத்தொரு தையல். மருத்துவமனைக் கட்டிலில் இம்ரேக்கு உயிர் போகிற வலி. ஆனால் மனசு என்னவோ லேசாகிவிட்டது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். “என்கிட்ட வந்து முடிஞ்சிருச்சு தாட்சா. அவன்கிட்ட போக வேண்டியத நான் வாங்கிக்கிட்டேன்” என்றார். தாட்சாயினிக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. “சும்மா நின்ன பிள்ளைய தேடிக்கிட்டு நீங்கதான் பன்னி வாயில போய் விழுந்தீங்க” என்றார். இம்ரே அதைக் கேட்கிற நிலையில் இல்லை. அம்மா இருந்திருந்தால் தேங்காய் உடைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

பிரஷாந்த் தினமும் வந்தான். பேச்சு குறைந்துவிட்டது. அப்பாவின் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருப்பான். “எனக்காக வந்துதானே இப்படி ஆச்சு” என்றான் ஒரு நாள். “விடுடா” என்றார் இம்ரே. அவன் விடவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. மகன் முகத்தில் இருந்தது வருத்தம் மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஹாலில் நாற்காலி, ஸ்டூலில் கால், பக்கத்தில் ஊன்றுகோல். அடுத்த சனிக்கிழமை காலை தாட்சாயினி காப்பி கொண்டுவந்து வைத்தார்.

“பிரஷாந்த் நேத்து வரலையே” என்றார் இம்ரே.

தாட்சாயினி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். “உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னான். அந்த ஒத்தைக் கொம்பு பன்னி ஆத்தோரமா படுத்திருக்காம். சுடுறவங்களோட இன்னிக்கு இவனும் உள்ள போறானாம். எங்கப்பாவ குத்தினத நான் விடமாட்டேன்னு நிக்கிறான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.”

துப்பாக்கியைத் தொடாத பிள்ளை. சாலையில் நின்று பெயர் எழுதிய பிள்ளை. அவனை உள்ளே அனுப்பியது யார் என்று இம்ரேக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கைப்பேசியை எடுத்து மகனுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தார். தையல் இழுத்து மறுபடியும் நாற்காலியில் விழுந்தார். மறுபடி அடித்தார். ஐந்தாவது முறை அடிப்பதற்குள் அவர் கையிலேயே போன் மணி அடித்தது. தெரியாத எண்.

“ஹலோ, இம்ரே சாரோட அப்பாங்களா பேசுறது?”

மருதமுத்துவின் குரல். பின்னால் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன, யாரோ வேனைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்கள்.

ஐம்பத்தைந்து வருடமாக அந்தப் பெயருக்கு ‘நான்தான்’ என்று சொல்லிப் பழகிய வாய். இப்போதும் அதுதான் நாக்கு நுனிக்கு வந்தது. நான்தான் இம்ரே, என்னை எடுத்துக்கொள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? தாட்சாயினி எதிரில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க” என்றார். “நான் இம்ரேயோட அப்பாதான்.”

மருதமுத்து அழுதுகொண்டே சொல்லத் தொடங்கினார்.