புகைக்குழாயும் ஒரு கூடை மொச்சையும்

அடுப்பெரிக்கத் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. வாய் கொள்ளாமல் விறகைத் திணிப்பார்கள். அது மூச்சு முட்டிப் புகையும். உடனே ஊதுகுழலை எடுத்துக் கன்னம் வீங்க ஊதுவார்கள், கண்ணைக் கசக்கிக்கொண்டு விறகைத் திட்டுவார்கள். விறகு என்ன செய்யும்? அதற்குக் காற்று வேண்டும். அடியில் மூன்று நாள் சாம்பல் மேடு கட்டிக் கிடந்தால் காற்று எந்த வழியாக வரும்? இதைச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருகிறது. எனக்கும் சொல்லும்போதே கோபம் வந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரிக்கு நான் செய்த கெடுதலைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கல்யாணமான மறு வருஷமே கொல்லிமலையை விட்டு இறங்கி, சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனேன். துரை குடியிருந்த பங்களாவில் சமையலறை அடுப்பு என் பொறுப்பு. இரும்பு அடுப்பு. முன்னால் கதவு, பின்னால் புகை போகக் குழாய். சமைப்பதற்கு வேறு ஆள் இருந்தார். நான் தீயை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வருஷம் கொட்டகையில் காய்ந்த விறகைத்தான் உள்ளே விடலாம். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பேன். கணீரென்றால் காய்ந்தது, மொத்தென்றால் ஈரம். மாதம் ஒரு முறை மூங்கில் நுனியில் சாக்குத் துணியைக் கட்டிக் குழாய்க்குள் விட்டுக் கரியைச் சுரண்ட வேண்டும். சுரண்டாவிட்டால் அந்தக் கரியே ஒருநாள் குழாய்க்குள் தீப்பிடித்துக்கொள்ளும். மூன்று வருஷம் அங்கே இருந்தேன். நடுநடுவே ஊருக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போவதோடு சரி.

மூன்றாம் வருஷம் மார்கழியில் வேலையை விட்டு வந்து பார்த்தபோது என் வீட்டுக்காரியின் கண் கெட்டிருந்தது. கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்ததை ஒரு நாடு என்போம்; எங்களுடையது வளப்பூர் நாட்டில் புல் வேய்ந்த மண்வீடு. சன்னல் கிடையாது. நடுவில் மூன்று கல் அடுப்பு. புகை வீட்டையெல்லாம் சுற்றிவிட்டுக் கூரைப் புல்லின் வழியாக ஆற அமர வெளியே போகும். அவளுக்கு இமை தடித்துச் சிவந்திருந்தது. காலையில் கண்ணைத் திறக்க வெந்நீர்த் துணி வைக்க வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வயதுகூட ஆகவில்லை.

"அடுப்புகிட்டப் போனாத்தானுங்க எரியுது. மத்தபடி ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

"அடுப்புகிட்டப் போகாம எப்படிப் புள்ள இருப்ப?" என்றேன். அவள் சிரித்தாள். சிரிக்கும்போதும் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த அடுப்பை ஒழிக்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அடிவாரத்தில் ஒரு குயவரிடம் சொல்லி, ஒன்றுக்குள் ஒன்று செருகும்படி ஏழு சுடுமண் குழாய்கள் செய்து வாங்கினேன். கூடையில் வைக்கோல் போட்டு அடுக்கித் தலையில் சுமந்து மலையேறினேன். வழியில் ஒன்று உடைந்துவிட்டது. ஆறு போதும். புற்றுமண்ணில் சாணியும் நறுக்கிய புல்லும் போட்டு மிதித்து, சுவரோரமாக மூடிய அடுப்பு கட்டினேன். விறகு போட ஒரு வாய், சாம்பல் அள்ளக் கீழே ஒரு வாய், இரண்டு பானை வைக்க மேலே இரண்டு கண். குழாயைக் கூரை வழியாக விடச் சொன்னான் பக்கத்து வீட்டில் இருந்த என் அண்ணன். கேட்டிருந்தால் அன்றைக்கே ஊரைக் கொளுத்தியிருப்பேன். சுவரைத் துளைத்து, குழாயைச் சுற்றி ஒரு சாண் கனத்துக்கு மண் அப்பி, கூரைப் புல்லுக்கு எட்டாதபடி வெளியே தள்ளிக்கொண்டுபோய் நிமிர்த்தினேன்.

பற்றவைத்த முதல் நாள் ஊரே வந்து நின்றது. உள்ளே ஒரு இழை புகை இல்லை. வெளியே குழாயில் குபுகுபுவென்று வந்தது. "பாருங்கடா, என் தம்பி ஊடு சுருட்டுக் குடிக்குது!" என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு கட்டு விறகு எரிந்த வீட்டில் ஒரு கட்டு போதும் என்றானது. மாசி பிறப்பதற்குள் அவள் கண் தெளிந்துவிட்டது. ஒரு நாள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டே, "அந்தக் கோடியில செவுத்துல பல்லி ஓடுறது இங்கிருந்தே தெரியுதுங்க" என்றாள். என் வாழ்நாளில் யாரும் எனக்குக் கொடுத்த பாராட்டிலேயே அதுதான் பெரிது.

மாசியில் மொச்சை பறித்தோம். அது அவளுடைய மொச்சை. குண்டனி நாட்டிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவள் அம்மா முந்தானையில் முடிந்து கொடுத்தனுப்பிய விதை. அடுத்த மழைக்காலத்தில் அந்த அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா வீட்டிலிருந்து அவளிடம் மிச்சமிருந்தது இந்த மொச்சை ஒன்றுதான். தவிட்டு நிறம், பொடி விதை, முளை வரும் மூக்கோரத்தில் மை தீட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு. கேழ்வரகுக் காட்டின் ஓரமெல்லாம் கொடி ஏற்றிவிடுவாள். களிக்கு அந்தக் குழம்பு இருந்தால் எனக்கு வேறெதுவும் வேண்டாம். விதைக்கென்று ஒதுக்கிய காய்களைத் தோலோடு மூங்கில் கூடையில் போட்டு அடுப்புக்கு நேர் மேலே தொங்கவிடுவது வழக்கம். ஆடி வரை புகையிலேயே கிடக்கும். காய் கறுத்துப்போகும், உள்ளே விதை கல்லுப் போல இருக்கும்.

"ஏனுங்க, வெதைக்குப் பொகை வேணுமே?" என்று கேட்டாள்.

"கண்ணைக் கெடுக்குற பொகை வெதைய மட்டும் காப்பாத்துமா?" என்றேன். சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு.

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணன் வீட்டு அடுப்புக்கு மேலே கட்டிவிட்டு வந்தாள். யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல வழி கிடையாது. கண்ணும் பிழைத்தது, விதையும் பிழைத்தது. நானும் அப்போது தடுக்கவில்லை. அப்படியே விட்டிருக்கலாம்.

பங்குனியில் ஊர்ப் பொங்கல் வைத்துக் கும்பிட்டோம். எல்லோரும் கோயில் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாரோ என் அடுப்பைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்கள். அண்ணன் இலையிலிருந்து நிமிர்ந்தான். "அடுப்பெல்லாம் தொரை அடுப்புத்தான். ஆனா வெதை தொங்குறது எங்கூட்டுலதானுங்க" என்றான். பந்தியே சிரித்தது. அன்றைக்கும் நான் சிரித்தேன். அண்ணன் கேலி பேசாத நாள் கிடையாது. அவனுக்கு அது வெற்றிலை போடுகிற மாதிரி. அது தெரிந்திருந்தும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

மறுநாள் காலையில் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கூடையை அவிழ்த்தேன். "வேண்டாஞ் சாமி, இங்கயே இருக்கட்டும். ஆடி வரைக்குந்தானே?" என்றார் அண்ணி. நான் கேட்கவில்லை. எங்கள் வாசலில் என் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள்.

"அவிய வெளையாட்டுக்குச் சொன்னதுங்க. வெதை அங்கயே இருக்கட்டுமுங்க. இது ஒண்ணு மட்டும் கேக்குறனுங்க."

அதுவரை அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. புடவை கேட்டதில்லை, வளையல் கேட்டதில்லை. மூன்று வருஷம் தனியாக விட்டுப் போனதற்கு ஏன் என்றுகூடக் கேட்டதில்லை. 'இது ஒண்ணு மட்டும்' என்று அவள் சொன்னதை நான் அன்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று அது காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பங்களாவிலிருந்து கொண்டுவந்த தகர பிஸ்கோத்து டப்பா ஒன்று என்னிடம் இருந்தது. காய்களை உரித்து விதையை அதில் கொட்டி மூடினேன். "தொரை ஊட்டுல எல்லாம் டப்பாலதான் வெப்பாங்க. ஒரு பூச்சி அண்டாது" என்றேன். உண்மையைச் சொல்வதானால், அந்தப் பங்களாவில் எந்த டப்பாவையும் நான் திறந்து பார்த்ததே கிடையாது. அதெல்லாம் சமையல்காரர் விவகாரம். எனக்குத் தெரிந்தது அடுப்பு மட்டும். அந்த மாசி முழுக்க மலையில் பனிமூட்டமாக இருந்தது. அண்ணன் வீட்டுப் புகையில் சில வாரம் கிடந்தும் காய் அரைகுறையாகத்தான் காய்ந்திருக்கும். விறகை இரண்டு முறை தட்டிப் பார்க்கிற நான், விதையில் ஒன்றைப் பல்லில் கடித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆடி மாதம், முதல் மழை பெய்து காடு உழுதாயிற்று. விதைக்கிற அன்று காலை அவள் டப்பாவை எடுத்தாள். காதருகே வைத்தாள். உள்ளே சரசரவென்று சத்தம். மூடியைத் திறந்ததும் வண்டுகள் அவள் கைமேல் ஏறின. மேலே இருந்த விதைகளெல்லாம் ஊசி குத்தியதுபோலத் துளை துளையாக இருந்தன. அடியில் இருந்தவை பூசணம் பூத்துக் கட்டியாக ஒட்டிக் கிடந்தன.

அவள் முறத்தில் கொட்டி வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். உச்சிவேளை வரை பார்த்தாள். முழுதாக ஒன்பது விதை தேறியது. அந்த ஒன்பதையும் காட்டில் நல்ல இடமாகப் பார்த்து ஊன்றினாள். தினமும் காலையில் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருவாள். ஒன்றுகூட முளைக்கவில்லை.

நான் குண்டனி நாட்டுக்கு நடந்தேன். அவளுடைய அண்ணன் வீட்டில், அம்மா போனபிறகு யாரும் அந்தப் பொடி மொச்சையைப் போடவில்லை, சமவெளியிலிருந்து வந்த பெரிய மொச்சைக்கு மாறிவிட்டோம் என்றார்கள். வீடு வீடாகக் கேட்டேன். அங்கிருந்து எடப்புளி நாட்டுக்குப் போய் அங்கேயும் கேட்டேன். எதற்காக இவ்வளவு அலைகிறாய் என்று கேட்டவர்களிடம் காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறாம் நாள், ஏறக்குறைய அதே மாதிரி இருந்த ஒரு கைப்பிடி விதையோடு திரும்பினேன். அவள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது வேறைங்க" என்றாள். இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு குழாயை இடிக்கப் போனேன். அவள் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"உடுங்க. இனிப் பொகை எதுக்குங்க? தொங்க உட என்ன இருக்குது?"

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் உலை இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, எப்படியோ ஆறியிருப்பேன். அண்ணனும் அதற்குப் பிறகு என் அடுப்பைக் கேலி செய்யவே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

இப்போது எத்தனையோ வழி தோன்றுகிறது. வீட்டு மூலையில் கூடையைக் கட்டி, வாரம் ஒரு நாள் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கீழே ஒரு சட்டியில் நெருப்பும் பச்சைத் தழையும் போட்டு நானே புகை காட்டியிருக்கலாம். விதையில் பாதியையாவது அண்ணன் வீட்டிலேயே விட்டிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தாலே போதும். நாலு பேர் சிரித்ததைத் தாங்க முடியாமல், அவள் கேட்ட ஒன்றே ஒன்றைத் தட்டிவிட்டேன். நினைத்தால் இன்னும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

குழாய் நின்றது. மாதம் தவறாமல் கரி சுரண்டினேன். அவள் கண் கடைசிவரை கெடவில்லை. தலை நரைத்த பிறகும் ஊசியில் நூல் கோத்தாள். சேந்தமங்கலம் சந்தைக்கு எப்போது இறங்கினாலும் மொச்சை குவித்திருக்கிற இடத்தில் நின்றுவிடுவாள். ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்து, மூக்கோரத்தில் கோடு இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு அடுத்த குவியலுக்குப் போவாள். "எத்தன படி போடட்டும் ஆயா?" என்று கேட்பார்கள். "இல்லீங்க, சும்மா பாத்தனுங்க" என்று சொல்லி விதையைத் திரும்ப வைத்துவிடுவாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருப்பேன்.