ஆட்டுவயிற்றின் கறுப்புத் தோல்

"தண்ணி பள்ளத்துக்கு ஓடும். உப்பு மட்டும் மேட்டுக்கு ஏறுதா? நீ பாத்தியாம்மா, இல்ல நீயே எழுதுனியா?"

ஓசூரில் ஒரு சிறிய கால்நடைச் சோதனைச்சாலையில் என் மேலதிகாரி இப்படிக் கேட்டார். என் வேலை அப்போது தற்காலிகம். கணக்கைப் புனைந்தேன் என்று அவர் ஒரு வரி எழுதினால் நான் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். பொய்க்காரி என்ற பெயரோடு பஸ் ஏற எனக்கு மனமில்லை.

ஆட்டின் பெருவயிற்றுத் தோலை இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டுவோம். தீனி படும் பக்கத்தில் உப்புக் குறைந்த நீர், ரத்தம் ஓடும் பக்கத்தில் உப்பு மிகுந்த நீர். வெதுவெதுப்பாக வைத்துக் காற்றுக் குமிழ் விடுவோம். சில மணி நேரம் கழித்து, உப்பை அளக்க, இரண்டிலும் சிறிது குரோமேட் கலந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செங்கல் நிறம் வர எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பேன். குறைந்த பக்கம் இன்னும் குறைந்திருந்தது, மிகுந்த பக்கம் ஏறியிருந்தது. உப்பின் அயனிகளைத் தோலே தள்ளியிருக்கிறது. மூன்று முறையும் அப்படித்தான்.

அவர் தாமே ஒரு முறை செய்தார். இருபுறமும் ஏறக்குறைய சமமாகிவிட்டது.

"என் கைக்கு ஏறலையே" என்றார்.

கண்ணாடி கழுவும் பெரியவர் புட்டிகளை மாற்றினாரோ என்று இரண்டு நாள் அவர் கையையே பார்த்தேன்.

"என்னம்மா, கையில மருதாணியா வெச்சிருக்கறேன்?" என்றார் பெரியவர்.

பிறகு என் முடிச்சின்மேல் சந்தேகம். பிறகு மேலதிகாரியின் மேலேயே. அவர் கட்டிய தோலைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். துவைத்த துவாலைபோல் வெள்ளையாக இருந்தது. நான் கட்டியவை எல்லாம் கறுப்பு.

எங்கள் வீட்டில் ஆட்டுவயிறு வாங்கிப் போட்டி சமைக்கும் நாளில், வெந்நீரில் முக்கி, சுண்ணாம்பு தடவி, கறுப்பு போகும்வரை சுரண்டுவோம். கறுப்போடு அடுப்பில் ஏற்ற அம்மா விடமாட்டார்.

நேரே கசாப்புக் கடைக்குப் போனேன்.

"பெரிய சார் ஆளனுப்பிக் கேட்டாரு. கறுப்போட எப்பிடிக் குடுக்கறது? நானே சுண்ணாம்பு போட்டுச் சொரண்டிக் குடுத்தேன்" என்றார் கடைக்காரர்.

"எனக்கு மட்டும் அப்படியே குடுத்தீங்களே பாய்?"

"நீ எங்க நிக்கற? வெட்டுனதும் சூட்டோட புட்டியில போட்டுக்கிட்டு ஓடற."

உப்பை ஏற்றும் தோலைத்தான் மரியாதைக்காகச் சுரண்டியிருக்கிறார். ஆனால் சொன்னால் மேலதிகாரி நம்புவார் என்று நான் நம்பவில்லை. சாக்குச் சொல்கிறேன் என்பார். என் கை பட்ட எதையும் அவர் ஒப்பமாட்டார்.

மறுநாள் காலை அவர் வந்தபோது, ஒரே ஆட்டின் வயிற்றிலிருந்து எடுத்த கறுப்புத் துண்டும் சுரண்டிய வெள்ளைத் துண்டும் மேசையில் இருந்தன. கட்டும் நூலை அவருடைய நாற்காலிக்கு எதிரே வைத்துவிட்டு, நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.